எந்த டிடெக்டர் எவ்வளவு ஆழம் பார்க்கும்? வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

சென்னை திருவான்மியூர் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தண்ணீரில் கால் நனைக்கப் போவதற்கு முன் மாமா தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து அக்காவிடம் கொடுத்தார். அக்காவும் தளர்ந்திருந்த ஒரு மெட்டியைக் கழற்றி அதிலேயே சேர்த்து முடிந்தாள். சற்று நேரத்தில் குழந்தை அந்தக் கைக்குட்டையை எடுத்து, முகம் துடைக்க உதறிவிட்டது. பக்கத்தில் பிள்ளைகள் தோண்டிய குழி வேறு.

மறுநாள் விடியற்காலையில் இரண்டு மெட்டல் டிடெக்டர்களோடு போனோம். ஒன்று என்னுடையது, பெட்டியில் '2.5 மீட்டர் ஆழம்' என்று அச்சடித்தது. இன்னொன்று நண்பருடையது, அவ்வளவு பெரிய வாக்குறுதி எதுவும் இல்லாதது. ஒரு சாண் ஆழத்தில் கிடந்த மோதிரம் நண்பரின் கருவியில் கிடைத்தது. என்னுடையது அதே இடத்தில் சத்தமே எழுப்பவில்லை. ஆனால் வெறும் நான்கு விரற்கடை ஆழத்தில் இருந்த மெட்டியை இரண்டு கருவிகளுமே மூன்று முறை தாண்டிப் போயின.

அன்றைக்குத்தான் ஆழத்தை முறையாக அளந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். புதிதாகக் கருவி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பதும் இதைத்தான்: "எவ்வளவு ஆழம் போகும்?" இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணாகப் பதில் கிடையாது. எந்தப் பொருள், எந்த மண், எந்த அமைப்பு என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அதை நீங்களே எப்படி அளப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், ஆழம் ஏன் இவ்வளவு சிரமம்?

டிடெக்டரின் வட்டமான தலைப்பகுதியைக் காயில் என்போம். அதற்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் பாயும்போது மண்ணுக்குள் காந்தப்புலம் இறங்குகிறது. அந்தப் புலம் உலோகத்தில் பட்டால் அதற்குள் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை தாங்களே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அது மேலே திரும்பி வந்து காயிலில் படுவதைத்தான் கருவி நமக்கு 'பீப்' என்று சொல்கிறது.

போகும்போது புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் தேய்கிறது. திரும்பி வரும்போதும் அப்படியே. ஆக மொத்தம் ஆறாம் அடுக்கு. ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64-இல் ஒரு பங்காகிவிடும். 20 செ.மீ.-இல் நாணயத்தைப் பிடிக்கும் கருவி 30 செ.மீ.-இலும் பிடிக்க வேண்டும் என்றால் சுமார் 11 மடங்கு மெல்லிய சிக்னலைக் கேட்டாக வேண்டும். கருவி அனுப்பும் புலத்தின் வலிமையை இரட்டிப்பாக்கினால்கூட ஆழம் கூடுவது 12 சதவீதம்தான், 15 செ.மீ. 17 செ.மீ. ஆகும், அவ்வளவே. (பொருள் காயிலுக்கு மிக அருகில் இருக்கும்போது தேய்வு இவ்வளவு வேகமாக இருக்காது. காயிலின் அகலத்தைத் தாண்டிப் போகப்போகத்தான் இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தும்.)

அதனால் நாணயம் அளவுள்ள பொருளுக்கு ஒரு கருவி 22 செ.மீ., இன்னொன்று 25 செ.மீ. என்றால் அது சின்ன வித்தியாசம் இல்லை. அந்த 3 செ.மீ.-க்குப் பின்னால் நிறையப் பொறியியல் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் மீட்டர் கணக்கெல்லாம் பெரிய இரும்புத் தகடு, பீப்பாய் மாதிரிப் பொருட்களுக்கானது. என் பெட்டியின் 2.5 மீட்டரும் அப்படித்தான். கடைக்காரரும் "சார், ரெண்டரை மீட்டர் போகும் சார்" என்றுதான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, பெட்டியில் இருந்ததைப் படித்தார். எந்தப் பொருளுக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

கருவி வகைகள்

சந்தையில் அதிகம் கிடைப்பது வி.எல்.எஃப். (மிகத் தாழ்ந்த அதிர்வெண்) வகை. சில கிலோஹெர்ட்ஸிலிருந்து சில பத்து கிலோஹெர்ட்ஸ் வரையான ஒரு அதிர்வெண்ணில் வேலை செய்யும். இரும்பா, செம்பா, வெள்ளியா என்று ஓரளவு பிரித்துச் சொல்லும். காரெட் (Garrett) நிறுவனத்தின் ஏஸ் 250 என்ற பழைய, பேர்பெற்ற மாடல் 6.5 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. தாழ்ந்த அதிர்வெண் வெள்ளி, செம்பு, கனமான நாணயம் போன்றவற்றுக்கு நல்லது. உயர்ந்த அதிர்வெண் மெல்லிய தங்கத்துக்கும் சின்ன நகைக்கும் நல்லது.

ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் மல்டி ஃப்ரீக்வென்சி கருவிகள் அடுத்தவை. 2018-இல் வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ் இந்த வகையைப் பலருடைய கைக்கு எட்டச் செய்தது. உப்பு ஈரமணலில் இவை அமைதியாக ஓடும்.

மூன்றாவது பல்ஸ் இண்டக்ஷன், சுருக்கமாக பி.ஐ. காந்தப்புலத்தைத் துடிப்புகளாக அனுப்பி, ஒவ்வொரு துடிப்பும் நின்ற பிறகு வரும் எதிரொலியைக் கேட்கும். கனிமம் கலந்த மண்ணிலும் கடலோரத்திலும் ஆழத்தில் இதுவே முன்னால் நிற்கும். ஆனால் இரும்பைப் பிரித்துச் சொல்வதில் பலவீனம். மெரினாவில் சுண்டல் வண்டிகள் நிற்கும் பக்கம் பி.ஐ. கருவியோடு போனால் ஒவ்வொரு சோடா மூடியையும் தோண்ட வேண்டியிருக்கும்.

இரண்டு பெட்டிகளை ஒரு கம்பின் இரு முனையிலும் மாட்டிச் சுமந்து போகும் வகையும் உண்டு. பெயிண்ட் டப்பா அளவுக்கு மேலுள்ளதை நல்ல ஆழத்தில் காட்டும். மோதிரம், நாணயம் எல்லாம் அதன் கண்ணில் படவே படாது.

ஆன்டெனாக் கம்பி ஒன்றைக் கையில் பிடித்து நின்றால் அரை கிலோமீட்டர் தூரத்துத் தங்கத்தைக் காட்டும் என்று விற்கப்படுபவற்றை வாங்கவே வாங்காதீர்கள். அவற்றுக்குப் பின்னால் எந்த இயற்பியலும் இல்லை. இதே மாதிரி ஆன்டெனாக் கருவியை வெடிகுண்டு டிடெக்டர் என்று ஈராக் வரை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு 2013-இல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத்தண்டனை கொடுத்தது. அவற்றை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது.

நம் ஊர் மண்

ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பெசன்ட் நகர் கடற்கரையின் காய்ந்த மணலில் இழுத்துப் பாருங்கள். பையின் வெளிப்பக்கம் கறுப்பு மீசை முளைத்த மாதிரிக் கருமணல் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துகள்கள் டிடெக்டருக்கு ஓயாத இரைச்சல். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துச் சார்னோகைட் பாறையிலும் மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது கலந்திருக்கும். அந்தக் கல் உடைந்து கிடக்கும் மண்ணில் கருவி தடுமாறுவது இயல்பு.

உப்புத்தண்ணீரில் நனைந்த மணல் தானே மின்சாரம் கடத்தும். ஒற்றை அதிர்வெண் கருவி அங்கே உலோகமே இல்லாமல் கத்தும். அதே கருவி பத்தடி தள்ளிக் காய்ந்த மணலில் அருமையாக வேலை செய்யும். எனவே காய்ந்த மணல் எண், ஈரமணல் எண், வீட்டு மண் எண் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

நகரத்துக்குள் இன்னொரு தொல்லை கட்டட மிச்சம். மேடவாக்கமோ பெரும்பாக்கமோ, எந்தக் காலி மனையிலும் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினால் கட்டுக்கம்பித் துண்டோ வளைந்த ஆணியோ வரும். சோதனை செய்யும் இடத்தை முதலில் கருவியாலேயே சுத்தம் செய்துவிட வேண்டும். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு டிடெக்டரைச் செய்துகொண்டு போனார். கட்டிலுக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் அவர் முயற்சியைக் குழப்பிவிட்டன. நம் காலடியில் கிடக்கும் கட்டுக்கம்பி அதே வேலையைத்தான் செய்கிறது.

மின்சார இரைச்சலையும் மறக்கக் கூடாது. பறக்கும் ரயில் பாதையின் கீழே, டிரான்ஸ்ஃபார்மர் அருகே, இன்வெர்ட்டர் ஓடும் வீட்டுச் சுவர் ஓரம் எல்லாம் கருவி படபடக்கும். உங்கள் செல்போனையும் ஃபிளைட் மோடில் போட்டுப் பத்தடி தள்ளி வைத்துவிடுங்கள்.

எங்கே சோதிக்கக் கூடாது

சோதனையைச் சொந்த வீட்டுத் தோட்டத்திலோ, உரிமையாளர் அனுமதித்த மனையிலோ வைத்துக்கொள்ளுங்கள். பழைய சின்னங்கள், கோயில் நிலங்கள், தொல்லியல் இடங்கள் பக்கம் கருவியை எடுத்துப் போகவே வேண்டாம். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. தொல்பொருளுக்காகத் தோண்ட அரசின் உரிமம் வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கற்கோடரியைக் கண்டெடுத்த பல்லாவரம் நம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் யாரோ ஆசைக்குத் தோண்டிய ஒரு குழி, அடுக்கடுக்காகக் கிடக்கும் வரலாற்றைக் கலைத்துவிடும். கலைந்ததை யாராலும் திரும்ப அடுக்க முடியாது.

கடற்கரையில் தொலைந்ததைத் தேடும்போது பக்கத்தில் இருக்கும் காவலர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூட்டம் கூடுவதற்குள் விளக்கமும் கொடுத்துவிட்ட மாதிரி ஆகும்.

படி 1: எதைப் புதைப்பது?

வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் நாணயத்தைப் புதைக்கிறார்கள் என்று நாமும் பையிலிருந்து 1 ரூபாயை எடுத்துப் புதைத்தால் சோதனை தொடக்கத்திலேயே கெட்டுவிடும். இப்போது புழங்கும் 1 ரூபாயும் 2 ரூபாயும் பெரும்பாலும் ஃபெரிடிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தத்தில் டக்கென்று ஒட்டும். டிடெக்டர் அதை இரும்புக் குடும்பத்தில் சேர்த்துக் குழம்பும். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வீட்டுச் சில்லறையை எல்லாம் சோதியுங்கள். மஞ்சள் நிற 5 ரூபாய், நிக்கல் பித்தளை, காந்தத்தைக் கண்டுகொள்ளாது. 2011-இல் வந்த வரிசை என்றால் 23 மி.மீ. அகலம், 6 கிராம் எடை. அதுதான் நமக்குச் சரியான அளவுகோல்.

அதோடு ஒரு மோதிரம், ஒரு மெட்டி, ஒரு மெல்லிய சங்கிலித் துண்டு, ஒரு மூன்றங்குல ஆணி, ஒரு சோடா மூடி. மோதிரத்துக்குத் தங்கமே வேண்டும் என்பதில்லை, வெள்ளி போதும். ஆணியும் மூடியும் எதற்கு என்றால், கருவி ஆழத்தில் பொருளைப் பிடித்தால் மட்டும் போதாது, அது குப்பையா இல்லையா என்று சொல்லவும் வேண்டும். பல கருவிகள் 15 செ.மீ.-க்குக் கீழே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஒலிக்கும். அந்த எல்லை எங்கே என்று தெரிந்துகொள்வது ஆழத்தைத் தெரிந்துகொள்வதைவிட உபயோகமானது என்பது என் கருத்து.

படி 2: சாய்வுக் குழாய்

ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு குழி தோண்டுவது பெரிய வேலை. பிளம்பர் கடையில் ஒன்றரை அங்குல பிவிசி பைப் ஒன்று, இரண்டடி நீளம் வாங்குங்கள். கிளாம்ப், ஸ்க்ரூ எதுவும் வேண்டாம். சுத்தம் செய்த மண்ணில் அதைச் சரியாக 45 டிகிரி சாய்வில், வாய் தரைமட்டத்தில் தெரியும்படி புதையுங்கள். பள்ளிக்கூடத்து ஜியோமெட்ரி பெட்டியின் மூலைமட்டம் போதும். மண்ணை மூடி, தண்ணீர் ஊற்றி, இரண்டு வாரம் இறுக விடுங்கள். வடகிழக்குப் பருவமழை சமயம் என்றால் மழையே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் தெர்மாகோல் துண்டை 45 டிகிரிக்குச் சீவி ஒட்டுங்கள். அதன் மேல் நாணயத்தை வைத்தால் குழாய்க்குள் சாய்வாக இறங்கினாலும் நாணயம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். குச்சியில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடுங்கள். 14 செ.மீ. உள்ளே போனால் 10 செ.மீ. ஆழம். 21 போனால் 15. 28 போனால் 20. 42 போனால் 30. இப்படி ஒரே குழாயில் எல்லா ஆழமும் கிடைத்துவிடும்.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் காற்றில் சோதிக்கலாம். ஆனால் தரைமேல் வைத்துச் செய்யாதீர்கள். மொட்டைமாடித் தளத்துக்குள்ளும் கம்பி ஓடுகிறது. காயிலை வெளியைப் பார்த்து நிமிர்த்திப் பிடித்து, மர ஸ்கேலின் மேல் நாணயத்தை ஒட்டிக் குறுக்கே ஆட்டுங்கள். காற்றில் வரும் எண் மண்ணில் அப்படியே வராது, பெரும்பாலும் குறையும். இரண்டு கருவிகளை ஒப்பிட ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கருவிகளைச் சமமாக்குதல்

இரண்டு கருவிக்கும் முழு சார்ஜ் இருக்க வேண்டும். இரண்டுக்கும் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் இரைச்சலைக் கழிக்கும் சரிசெய்தல், அதே இடத்தில் செய்ய வேண்டும். வேண்டாத உலோகங்களை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை முதலில் முழுவதும் திறந்து விடுங்கள், எதையும் ஒதுக்க வேண்டாம். சென்சிடிவிட்டியைக் கடைசி வரை முறுக்காமல், கருவி சும்மா இருக்கும்போது அமைதியாக இருக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். முழுக்க ஏற்றினால் ஆழம் கூடும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் படபடப்பில் மெல்லிய சிக்னல் மூழ்கிப் போகும்.

காயில் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 8 அங்குலம், மற்றொன்றில் 11 அங்குலம் என்றால் நீங்கள் கருவிகளோடு சேர்த்துக் காயில்களையும்தான் ஒப்பிடுகிறீர்கள். பெரிய காயில் பெரிய பொருளுக்கு ஆழம் தரும், சின்னஞ்சிறு பொருளை மேலாகவே கோட்டை விடும்.

காயிலைத் தரைக்கு ஒரு விரல் உயரத்தில், ஒரே சீராக வீசுங்கள். மூன்று செ.மீ. தூக்கிப் பிடித்தால் அந்த மூன்றும் ஆழத்தில் கழிந்துவிடும். ஹெட்போன் கட்டாயம், கடலோரக் காற்றில் ஸ்பீக்கரை நம்ப முடியாது.

படி 4: கண்ணை மூடிக் கேட்பது

நாணயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வீசினால் காதுக்கு எப்படியும் ஏதோ கேட்கும். இது எனக்கும் நடந்தது, எல்லோருக்கும் நடக்கும். அதனால் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்பி நிற்க, அவர் பூவா தலையா போட்டு, பூ விழுந்தால் நாணயத்தோடு, தலை விழுந்தால் வெறும் குச்சியை அதே ஆழத்துக்கு உள்ளே தள்ளட்டும். நீங்கள் வந்து இரு பக்கமும் வீசி 'இருக்கிறது', 'இல்லை' என்று சொல்லுங்கள். ஒரு ஆழத்துக்குப் பத்து முறை.

குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்தில் ஐந்து சரியாக வரும். ஒன்பதோ பத்தோ சரியாக வருவது வெறும் அதிர்ஷ்டத்தில் சுமார் நூறில் ஒரு தடவைதான். ஆகவே ஒன்பது சரியான ஆழத்தை மட்டும் அந்தக் கருவியின் ஆழம் என்று எழுதுங்கள். அடுத்த ஆழத்தில் ஏழுக்கு இறங்கினால், அது 'சில நேரம் கிடைக்கும்' என்ற வகை. அதற்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

5 ரூபாயை முடித்த பிறகு, அதை நிமிர்த்திச் செங்குத்தாக வைத்து மறுபடியும் சோதியுங்கள். எண் குறைவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். மண்ணுக்குள் எந்த நாணயமும் நமக்காகப் படுத்துக் கிடப்பதில்லை. அப்புறம் பக்கத்தில் ஆணியை வைத்து ஒரு சுற்று. கடைசியாக டிஸ்கிரிமினேஷனைப் போட்டு ஒரு சுற்று.

படி 5: மோதிரம், சங்கிலி, மெட்டி

மோதிரம் முழு வளையம். சுழல் மின்னோட்டம் அதைச் சுற்றித் தடையில்லாமல் ஓடும். அதனால் எடைக்கு மீறிய சிக்னல் தரும். மெல்லிய சங்கிலியைக் கருவி ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்கிறது. இரண்டு பவுன் சங்கிலி என்றாலும் கருவிக்குத் தெரிவது ஒரு சின்னக் கண்ணியும், கொஞ்சம் பெரிதான கொக்கியும்தான்.

மெட்டி இன்னும் சிக்கல். விரலுக்குத் தக்கபடி இறுக்கவும் தளர்த்தவும் அதன் முனைகள் ஒட்டாமல் விடப்பட்டிருக்கும். வளையம் அறுந்திருப்பதால் மின்னோட்டம் சுற்றி வர வழியில்லை. அலுமினியத் தாள் துணுக்கு மாதிரித்தான் ஒலிக்கும். சந்தேகம் இருந்தால் மெட்டியின் இரு முனையையும் நன்றாக ஒட்டும்படி அழுத்திப் பிடித்துக் காயிலுக்கு முன்னால் காட்டுங்கள், பிறகு விட்டுக் காட்டுங்கள். சத்தத்தில் உள்ள வித்தியாசம் காதிலேயே தெரியும்.

திருவான்மியூரில் அன்று காலை பாக்கெட் கவர், சாக்லேட் தாள் தொல்லை தாங்காமல் அலுமினியத் தாள் பகுதியை நாங்கள் டிஸ்கிரிமினேஷனில் அடைத்து வைத்திருந்தோம். மெட்டியும் அந்த அடைப்புக்குள்ளேயே விழுந்துவிட்டது. இந்தச் சோதனையைச் செய்து பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. அடுத்த ஞாயிறு விடியலில் மறுபடி போனோம். நண்பரின் கருவியில் 6 அங்குலச் சின்னக் காயிலை மாட்டி, எதையும் ஒதுக்காமல், கைக்குட்டை உதறிய இடத்தைச் சுற்றி நான்கு தென்னங்குச்சி நட்டு, நூல் கட்டி, ஒரு முழ அகலப் பட்டைகளாகப் பிரித்துக்கொண்டோம். காயில் மணலை உரச மெதுவாக வீசினோம். பதினான்கு சாக்லேட் தாள், இரண்டு சோடா மூடி. நான்காவது பட்டையின் ஓரத்தில், சல்லடையில் அள்ளிய மணல் கீழே இறங்கியதும், மெட்டி மட்டும் தங்கியது. அக்கா அதைத் தண்ணீரில் அலசி அங்கேயே விரலில் போட்டு, முனைகளை இறுக்கிக்கொண்டாள்.